மானியம் தேடும் ஊர்கள்: கல்முனைக் கரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கடலோரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக ஒடுங்கிய நிலத்தில் நெருங்கிக் கிடக்கும் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்களை அறிந்தவர்கள், அவ்வூர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை என்பதையும் அறிவார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் சங்கம், விளையாட்டுக் கழகம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, ஸகாத் குழு, வாசகர் வட்டம் என்று பெயர்ப்பலகைகள் தெருத்தோறும் தொங்குகின்றன. இவற்றின் பக்கத்திலேயே, மருதமுனையின் தறிக்கொட்டில்களும், சாய்ந்தமருதின் வீட்டுத் தையல் முயற்சிகளும், நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் நெல்லை நம்பிய ஆலைகளும், கடற்கரையெங்கும் மீனையும் கருவாட்டையும் நம்பிய சிறுவணிகங்களும் ஜீவனோபாயத்துக்கு வழி செய்கின்றன. சங்கமாயினும் தொழிலாயினும் இவை யாவற்றுக்கும் பொதுவாயுள்ள குறை ஒன்று உண்டு. அது மூலதனக் குறை. அக்குறையைத் தீர்க்கும் சாதனமாக அண்மைக் காலத்தில் பலரும் சுட்டிக்காட்டுவது, உலகெங்குமுள்ள அரசுகளும் அறநிலையங்களும் இணையத்தின் வழியாக அறிவித்து வழங்கும் மானியங்களை. அம்மானியங்கள் எவை, எவ்வாறு தேடப்படுகின்றன, எவருக்குக் கிடைக்கின்றன, எவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விகளை ஒருங்கே எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இக்கரைக்கு இந்த விஷயம் ஏனைய இடங்களைவிட அதிக முக்கியத்துவம் உடையது. வட்டியை விலக்கப்பட்டதாகக் கருதும் சமூகத்தில், வங்கிக் கடனை நாடத் தயங்கும் மனச்சாட்சியுள்ள சிறுதொழிலாளன், கைமுதலையும் உறவினரின் உதவியையும் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையின் பணத்தையும் தவிர வேறு துணையற்றவனாக நிற்கிறான். கிராமங்களில் பரவிய நுண்கடன் நிறுவனங்களிடம் அகப்பட்ட பெண்களின் துயரத்தையும் கிழக்கு மாகாணம் கண்டிருக்கிறது. ஆகவே, திருப்பிக் கொடுக்கவேண்டாததும் வட்டி கலவாததுமான மானியம், இங்கே பொருளாதார வசதி மாத்திரமன்று. மார்க்கத்துக்கு இணங்கிய முதலைத் தேடும் வழியுமாகும்.

பழைய அனுபவங்கள்

வெளியார் நிதி இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. கல்லோயாத் திட்டத்தின் நீரைக்கொண்டு விளையும் வயல்கள் நம்முடையவை. அத்திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் பழுதுற்றிருந்த காலத்தில், அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி நிலையத்தின் நிதியுதவியோடு திருத்த வேலை தொடங்கியபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981 முதலாக, இளம் அமைப்பாளர்களை விவசாயிகளிடையே வாழவைத்து, வாய்க்கால்தோறும் விவசாயிகள் குழுக்களை உருவாக்கின. நோர்மன் அப்ஹொஃப் என்ற அறிஞர் பின்னர் ஒரு நூலாகவே எழுதி உலகுக்குக் காட்டிய பாடம் அங்கேதான் கிடைத்தது. வாய்க்கால் திருத்தத்துக்குச் செலவான பெருந்தொகையோடு ஒப்பிடும்போது அற்பமான செலவிலே உருவான விவசாயிகளின் ஒழுங்கமைப்பே, தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் இடையே நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் இணக்கத்தை உண்டாக்கியது. நிதி வந்தது வெளியிலிருந்து. அதைப் பயனாக்கியதோ உள்ளூர் மனிதரின் கூட்டு ஒழுங்கு.

இரண்டாவது அனுபவம் கொடியது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோயிற்று; இறந்தோர் தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் மண்மேடாயின. அதன் பின்னர் உலகத்தின் கருணை கப்பல் கப்பலாக வந்தது. உதவி நிறுவனங்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அலுவலகம் திறந்தன. நேற்றுவரை பெயரளவில் இருந்த சங்கங்கள் இன்று பங்காளி நிறுவனங்களாக அழைக்கப்பட்டன. ஆனால் அந்த வெள்ளத்தில் மூன்று உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது உண்மை, பேச்சுமேசையில் இடம் இல்லாதவனுக்குப் பங்கு நிச்சயமில்லை என்பது. 2005 ஜூன் 24ஆந் திகதி அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கையொப்பமான ஆழிப்பேரலை மீள்கட்டமைப்புக்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில், பேரழிவின் பெரும்பங்கைச் சுமந்த முஸ்லிம்கள் கையொப்பமிட்ட தரப்பாக இல்லாதது இக்கரையில் ஆழ்ந்த மனக்குறையை விளைவித்தது. அடுத்த மாதமே உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அந்த உடன்படிக்கையும் முடங்கிற்று. இரண்டாவது உண்மை, கொடை வந்தடைந்தாலும் உரியவர் கையில் சேர்வது வேறு காரியம் என்பது. அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியால் கட்டப்பட்ட 500 வீடுகள், பயனாளிகள் யார் என்பது பற்றிய வழக்கினாலும் சர்ச்சையினாலும் ஆண்டுக்கணக்காகக் குடியேறுவாரின்றிப் பற்றை மண்டிக் கிடந்ததை இந்நாடு முழுதும் அறியும். மூன்றாவது உண்மை, கொடையாளியின் கால அட்டவணை முடிந்தவுடன் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, தமக்கென்று கணக்கேடும் உறுப்பினரும் சொந்த வருமானமும் உடைய சங்கங்கள் மாத்திரமே நிலைத்தன என்பது. இணையத்தில் மானியம் தேடப் புறப்படுகிறவர் இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

இணையம் கொண்டுவந்த மாற்றம்

இலங்கைக்கு இணையம் வர்த்தக ரீதியாக 1995இல் வந்தது. அதற்கு முன்னர், கொழும்பிலுள்ள ஒரு தூதரகம் சிறு சங்கங்களுக்கு உதவி வழங்குகிறது என்ற செய்தி கல்முனைக்கு எட்ட வேண்டுமாயின், அமைச்சரையோ பாராளுமன்ற உறுப்பினரையோ கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஊரவரையோ நம்பியிருக்க வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் இரவு பஸ்ஸில் சென்று, படிவம் வாங்கி, மறுபடி சென்று சமர்ப்பித்து, முடிவறிய மீண்டும் செல்ல வேண்டும். இன்றோ கொழும்பு நிறுவனம் காணும் அறிவித்தலை அதே நாழிகையில் நற்பிட்டிமுனையின் ஒரு இளைஞன் தன் கைத்தொலைபேசியில் காண்கிறான். வீட்டை விட்டுத் தொலைதூரம் செல்ல வாய்ப்பற்ற பெண்கள் நடத்தும் அமைப்புகளுக்கு இது உண்மையான விடுதலை. ஆயினும், அறிவித்தலைக் காண்பது சமமாயிற்றே தவிர, விண்ணப்பிக்கும் தகைமை சமமாகவில்லை. கதவு எல்லோருக்கும் தெரிகிறது. திறவுகோல் சிலரிடமே இருக்கிறது.

மானியங்களின் வகைகள்

இணையத்தில் அறிவிக்கப்படும் மானியங்களை நம் நிலைமைக்கேற்ப நான்கு வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது வகை, கொழும்பிலுள்ள தூதரகங்கள் நேரடியாக வழங்கும் சிறு மானியங்கள். ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புக் கருத்திட்டங்களுக்கான மானிய உதவி 1989 முதல் நடைபெறுவது. அதன் வழமையான உச்சவரம்பு நெடுங்காலமாக ஒரு கருத்திட்டத்துக்கு 1 கோடி யென்னாக இருந்துவந்தது. இது கட்டடம், கருவி, நீர்வசதி போன்ற கண்ணுக்குப் புலப்படும் பொருள்களுக்கே உரியது. சம்பளத்துக்கும் அன்றாட நிர்வாகச் செலவுக்கும் உரியதன்று. பொருள்களுக்குப் பல விற்பனையாளர்களின் விலைமதிப்பீடுகளையும் அது கேட்கும். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டமும், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியமும் இவ்வினத்தனவே. ஆண்டுக்கு ஒரு தடவை சில வாரங்களே திறந்திருக்கும் இவை, புதிதாகத் தொடங்கும் சங்கத்துக்கு ஏற்ற முதற்படி.

இரண்டாவது வகை, ஐக்கிய நாடுகள் நிறுவனங்களோடும் உலகளாவிய நிதியங்களோடும் தொடர்புடையவை. பூகோளச் சுற்றாடல் வசதியின் சிறுமானியத் திட்டம் 1992இல் ஆரம்பமாகி, இலங்கையில் 1994 முதல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக இயங்குகிறது. ஒரு கருத்திட்டத்துக்கு நெடுங்காலமாக 50,000 அமெரிக்க டொலர் வரை வழங்கிவந்த இத்திட்டம், களப்பு, கண்டல், விதைப் பாதுகாப்பு முதலிய விஷயங்களில் ஊர்ச் சங்கங்களையே முதன்மையாக நோக்குவது. கடலரிப்பும் களப்பு மாசும் வாட்டும் நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் அரிது. 2005இல் நிறுவப்பட்ட ஐக்கிய நாடுகள் ஜனநாயக நிதியம் ஆண்டுதோறும் இணையத்திலேயே விண்ணப்பம் பெறுகிறது. ஆனால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மாத்திரம். சிறுவர் நிதியமும் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து 2018இல் தொடங்கிய பங்காளர் இணையவாசலில் ஒரு முறை பதிவுசெய்த சங்கம், தொடர்ந்து வரும் அழைப்புகளைத் தானே காணலாம்.

மூன்றாவது வகை, ஐரோப்பிய ஒன்றியத்தினது போன்ற பெருமானியங்கள். முதலிற் சில பக்கங்களில் கருத்துக் குறிப்பு, அதில் தேறியவரிடம் முழு முன்மொழிவு என்று இரு படிகளாக நடைபெறும் இப்போட்டியில், செலவு முழுவதையும் ஒன்றியம் தராது. ஒரு பங்கை விண்ணப்பதாரர் வேறிடத்திலிருந்து காட்டவேண்டும். ஊர்ச் சங்கம் தனித்து இதில் வெல்வது அபூர்வம். ஆனால் வெற்றிபெறும் பெரிய நிறுவனம், தான் பெற்ற தொகையின் ஒரு பகுதியைச் சிறிய அமைப்புகளுக்கு உபமானியமாக வழங்கும் ஏற்பாடு பல அழைப்புகளில் உண்டு. ஆகவே நம் சங்கங்கள் பெருமானிய அறிவித்தல்களைப் படிக்கும்போது, யார் வெல்கிறார் என்பதைக் கவனித்து, வென்றவரிடம் உரிய காலத்தில் சென்று சேர்வதே விவேகம். இவ்வகைக்குப் புறம்பாக, உள்நாட்டிலேயே, கலாநிதி நீலன் திருச்செல்வத்தின் பெயரால் அமைந்த அறக்கட்டளை, தலைநகருக்கு அப்பாலுள்ள சிறிய அமைப்புகளைத் தேடி மானியம் வழங்கிவருவது குறிப்பிடத்தக்கது.

நான்காவது வகை, சமயம் சார்ந்த கொடைகள். இலங்கை இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியின் உறுப்பு நாடன்று. ஆயினும், உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்கென அவ்வங்கி 1983 முதல் நடத்திவரும் புலமைப்பரிசில் திட்டம் நம் நாட்டு மாணவர்களுக்கும் பயன்பட்டது. வளைகுடா நாடுகளின் தர்ம ஸ்தாபனங்கள் கிணறு, பள்ளிவாசல், நோன்புக்கால உணவு ஆகியவற்றில் காட்டும் ஆர்வத்தை, தொழிற்பயிற்சியிலும் பெண்களின் தொழில் முயற்சியிலும் காட்டும்படி செய்வது, கேட்கும் நம் சங்கங்களின் தெளிவைப் பொறுத்தது. இப்படிப்பட்ட தெளிவு இல்லாதவிடத்து, ஒரு தெருவில் இரண்டு கிணறு இருந்தும் ஒரு நூலகமும் இல்லாத நிலை நீடிக்கும்.

வியாபாரத்துக்கு மானியம் உண்டா?

தனியார் இலாபத்துக்காக நடத்தும் வியாபாரத்துக்கு முழு மானியம் தருவோர் உலகில் மிகச் சிலரே. இவ்வுண்மையை மறைத்து ஆசை காட்டும் விளம்பரங்கள் மலிந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாபாரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஈடுமானியம். அதாவது, உரிமையாளர் போடும் முதலுக்கு ஈடாக ஒரு பங்கைக் கொடையாளி ஏற்பது. யுத்தம் முடிந்த பின்னர் அமெரிக்க உதவியால் நடந்த ‘பிஸ் ப்ளஸ்’ திட்டம், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இம்முறையிலேயே உதவியது. உலக வங்கியின் நிதியால் 2016இல் ஆரம்பித்த விவசாயத்துறை நவீனமயமாக்கற் கருத்திட்டமும் விவசாய வணிகர்களுக்குச் செலவில் பாதி வரை ஈடுமானியம் அளித்தது. வேலைவாய்ப்பைப் பெருக்குவேன், சிறுவிவசாயியிடம் வாங்குவேன், பெண்களுக்குத் தொழில் கொடுப்பேன் என்று எண்ணிக்கையோடு காட்டக்கூடிய வியாபாரமே இங்கு தெரிவாகும்.

அரசின் பக்கத்தில், 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபை, 1969 முதல் இயங்கும் கைத்தொழில் அபிவிருத்திச் சபை, 1979இல் நிறுவப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சபை ஆகியவை பயிற்சியும் கண்காட்சி வாய்ப்பும் சிற்சில காலங்களில் நிதியுதவியும் அளிக்கின்றன. புதிய கருவியொன்றைக் கண்டுபிடித்தவருக்கு இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு உதவுகிறது. மருதமுனையின் நெசவாளர் ஒருவர் தறியில் ஒரு திருத்தம் செய்தால், அல்லது ஒலுவில் மீனவர் ஒருவர் மீன் காக்கும் பெட்டியொன்றைச் செம்மைப்படுத்தினால், அவர் முதலில் தட்டவேண்டிய கதவு வெளிநாட்டில் இல்லை, கொழும்பிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதனைப் பரிசோதிக்கவும் வழியுண்டு. ஏனெனில் 1995இல் தோன்றி, ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், உலக வங்கி ஆதரவில் நடந்த உயர்கல்வி மானியத் திட்டங்களில் பங்குபெற்று, முன்மொழிவு எழுதி நிதிபெறும் பயிற்சியைப் பெற்றுள்ளது.

தேடும் முறையும் மோசடியும்

தேடுபொறியில் ‘மானியம்’ என்று ஆங்கிலத்தில் தட்டெழுதினால் வந்து குவிவது பெரும்பாலும் பிறநாட்டுக்கு உரியதும் காலங்கடந்ததுமான செய்தியே. கிரமமான தேடல் வேறு வகையில் நடைபெறுகிறது. தனக்குரிய துறையில், தன் மாவட்டத்தில், கடந்த சில ஆண்டுகளில் எவர் நிதி வழங்கினார் என்று முதலிற் காணவேண்டும். 2008இல் அக்ரா நகரில் தொடங்கப்பட்ட சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முயற்சியின் திறந்த தரவுகளில், எந்த நாடு, எந்த நிறுவனம், இலங்கையில் எதற்குச் செலவிடுகிறது என்பதை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவ்வாறு கிடைக்கும் பத்துப் பதினைந்து பெயர்களின் இணையத்தளங்களை மாதந்தோறும் நோக்கி, அழைப்பு வழக்கமாக எந்த மாதத்தில் வெளியாகிறது என்று ஒரு நாட்காட்டி வரைந்துகொண்டால், நான்கு வார அவகாசத்தில் அவசரப்பட்டு எழுதும் நிலை ஒழியும். அமெரிக்க அரசின் மானிய இணையவாசலில் பதிவுசெய்வது இலவசம். ஆயினும் அதற்கு வேண்டிய தனித்துவ இலக்கத்தைப் பெற்றுப் பதிவை முடிப்பதற்கே பல வாரம் பிடிக்கலாம். அமெரிக்க அறக்கட்டளைகள் பற்றிய தகவலை 1956 முதல் திரட்டிவந்த நிலையம், 2019இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ‘கேன்டிட்’ என்ற பெயரில் இயங்குகிறது; அதன் முழுத் தொகுப்புக்குச் சந்தா உண்டு. பொதுமக்களிடமே சிறு தொகைகளாகத் திரட்ட விரும்புவோருக்கு, 2002இல் ஆரம்பித்த ‘குளோபல் கிவிங்’ போன்ற தளங்கள் உண்டு.

மோசடியைப் பற்றித் தனியே கூறவேண்டும். உலக வங்கியின் பெயராலும் ஐக்கிய நாடுகளின் பெயராலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ‘உங்களுக்கு மானியம் கிடைத்துள்ளது’ என்ற செய்திகள், பதிவுக் கட்டணம், வரி, பரிமாற்றச் செலவு என்று படிப்படியாகப் பணம் பறிக்கும் வலைகளே. இவற்றை இனங்காண மூன்று அளவுகோல்கள் போதும். உண்மையான கொடையாளி விண்ணப்பதாரரிடம் முன்பணம் கேட்பதில்லை. விண்ணப்பிக்காதவருக்கு மானியம் அனுப்புவதில்லை. தனது நிறுவனத்துக்குரிய மின்னஞ்சல் முகவரியன்றி இலவச முகவரியிலிருந்து உடன்படிக்கை எழுதுவதில்லை. கிடைக்கும் மானியத்தில் பங்கு தந்தால் போதும் என்று முன்மொழிவு எழுதித்தர முன்வரும் தரகரையும் இந்த வரிசையிலேயே வைக்கவேண்டும். ஏனெனில் அவர் எழுதுவது நம் ஊரின் தேவையன்று, பத்து ஊருக்கு விற்ற ஒரே பிரதி.

பெறுவதற்கு வேண்டிய தகைமை

இத்தனை வாசல்கள் இருந்தும் நம் சங்கங்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடுவதன் காரணத்தை ஆராய்ந்தால், அது ஆங்கில அறிவுக் குறை மாத்திரமன்று என்பது தெளிவாகும். அழைப்பு வெளியானபின் தயாரிக்க முடியாதனவற்றையே கொடையாளி முதலிற் கேட்கிறார். செல்லுபடியாகும் பதிவு, எழுத்திலமைந்த யாப்பு, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கைகள், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கு, இருவர் கையொப்பத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு ஆகியவை அவை. நேற்றுத் தொடங்கிய சங்கம் மூன்று ஆண்டுக் கணக்கை இன்று உண்டாக்க இயலாது. வரம்பில்லாத வயலில் நீர் நில்லாததுபோல, கணக்கில்லாத சங்கத்தில் நிதி நில்லாது.

பதிவிலும் பல பாதைகள் உண்டு. பிரதேச மட்டத்தில் இயங்கும் சங்கம் பிரதேச செயலகத்திலும், நாடளாவிய தொண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வச் சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழும், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக அமைய விரும்புவது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழும், பள்ளிவாசல்களும் முஸ்லிம் தர்ம நம்பிக்கைகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பதிவுபெறுகின்றன. எந்தப் பாதை எந்தக் கொடையாளிக்கு ஏற்கும் என்று முன்னரே அறியாமல் பதிவுசெய்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். மேலும், 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத்தாக்குதற் கொடுமைக்குப் பின்னர், முஸ்லிம் பெயர் தாங்கிய அமைப்புகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் கூர்ந்து நோக்கப்படுகிறது. பாவமறியாத சங்கங்களும் இதனால் பெருஞ்சிரமத்துக்கு உள்ளாகின்றன என்பது வேதனைக்குரியது. ஆனால் அச்சிரமத்திலிருந்து காக்கக்கூடிய அரண், எந்தச் சதம் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்று எந்த நாளிலும் எவர் கேட்டாலும் காட்டக்கூடிய தூய கணக்கே.

மொழித்தடையும் உண்டு. விண்ணப்பங்களில் வழங்கும் தர்க்கச் சட்டகம் என்னும் அட்டவணை, 1969ஐ ஒட்டி அமெரிக்க உதவி நிலையத்துக்காக வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. நோக்கம், விளைவு, அளவுகோல், ஆதாரம் என்று அது கேட்பதை நம் மீனவத் தலைவர் அறியாதவர் அல்லர். அந்த வடிவில் சொல்லப் பழகாதவர். தமிழில் ஏற்கப்படும் விண்ணப்பங்களிலும் ஒரு சிறு இடையூறு நேர்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஆவணம் இணையப் படிவத்தில் ஒட்டப்படும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகிறது. யூனிகோட் முறையில் எழுதப் பழகாத செயலாளரின் உழைப்பு ஒரு நொடியில் வீணாகிறது. இவை இரண்டும் சில நாட்பயிற்சியால் நீங்கக்கூடிய குறைகள்.

தேவையை வளைக்கும் ஆபத்து

மானியத் தேடலில் மறைந்துள்ள பேராபத்து, பணம் கிடைக்காமற் போவதன்று. கிடைக்கும் பணத்துக்காக ஊரின் தேவையை வளைத்துக்கொள்வது. ஒரு ஆண்டு சமாதானம், மறு ஆண்டு காலநிலை, அடுத்த ஆண்டு இளைஞர் தலைமைத்துவம் என்று அழைப்பின் தலைப்புக்கேற்பத் தன் இலட்சியத்தை மாற்றும் சங்கம், சில ஆண்டுகளில் உறுப்பினரை இழந்து, முன்மொழிவு எழுதும் ஒருவரின் வீட்டறையாகச் சுருங்கிவிடுகிறது. போதிய முன்னாய்வின்றி வரும் பெருநிதி ஊருக்கே தீங்காகவும் முடியலாம். மானியமன்று, டென்மார்க்கின் வட்டியில்லாக் கடனால் அமைந்து 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம், மணல் அடைத்துக் கப்பல் வராததாயிற்று. அதன் வடபால் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளையும் மீனவர் வாடிகளையும் விழுங்கிற்று. கடலை அறிந்த மீனவரின் சொல் திட்டத்தாளில் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

சுருங்கும் உலகம்

கொடையுலகமும் மாறிக்கொண்டிருக்கிறது. இலங்கை நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்தப்பட்டதனால் பல ஐரோப்பிய நாடுகள் தம் உதவியைக் குறைத்தன. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தையே மூடியது. 1956 முதல் இந்நாட்டில் நிலவிய அமெரிக்க உதவி 2025 ஜனவரியில் இடைநிறுத்தப்பட்டு, அதனை நடத்திய நிலையம் அதே ஆண்டு ஜூலை முதலாந் திகதியோடு தன் பணியை முடித்துக்கொண்டது. அதை நம்பியிருந்த தொண்டர்களும் திட்டங்களும் ஒரே அறிவித்தலில் நின்றுபோயின. எனவே வெளிநாட்டு மானியத்தை நிரந்தர வருமானமாக எண்ணும் காலம் கழிந்தது. அதனை, ஒரு கருவியை வாங்கவோ, ஒரு முயற்சியைத் தொடங்கவோ, ஒரு தலைமுறைக்குப் பயிற்சியளிக்கவோ ஒருமுறை கிடைக்கும் உதவியாக மாத்திரமே கொள்ளவேண்டும். நீடித்த ஆதாரம் நம்மிடத்திலேயே இருக்கிறது. ஸகாத்தை ஒழுங்காகச் சேர்த்துத் தொழில் முதலாக வழங்கும் குழுக்களும், வக்பு நிலங்களை வருமானந்தரும் வகையில் பரிபாலிக்கும் பள்ளிவாசல்களும் வெளிமானியத்துக்கு மாற்று அல்ல. அதைப் பெறுவதற்குரிய அஸ்திவாரம். தன் பங்கைப் போடும் ஊருக்கே பிறர் பங்கும் வந்து சேர்கிறது.

செய்யவேண்டியது

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது தெளிவாகும் முடிவு ஒன்று. இணையத்தில் மானியம் குறைவாக இல்லை. அதைப் பெறும் தகுதியுடைய ஸ்தாபனமே நம்மிடம் குறைவு. அந்தக் குறையை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே தீர்க்க முயல்வதும், ஒரே அறிவித்தலை நாற்பது சங்கங்கள் இரகசியமாக மறைத்துத் தேடுவதும் வீண் பிரயத்தனம். ஊருக்குப் பொதுவான ஒரு ஏற்பாடு வேண்டும். கல்முனையின் பொது நூலகம் ஒரு கணினியும் ஒரு நாட்காட்டியும் கொண்ட மானியத் தகவல் மேசையை அமைக்கலாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல், முகாமைத்துவ மாணவர்கள் பயிற்சிக் காலத்தில் ஆளுக்கொரு சங்கத்தின் கணக்கை ஒழுங்குபடுத்தி, கணக்காய்வுக்கு ஆயத்தமாக்கலாம். பள்ளிவாசல் சம்மேளனங்கள் தம் கணக்கை ஆண்டுதோறும் ஜமாஅத்தின் முன் வாசித்து, ஏனைய சங்கங்களுக்கு முன்மாதிரியாகலாம். காரைதீவின் தமிழ்ச் சங்கங்களையும் தமணையின் சிங்கள விவசாயச் சங்கங்களையும் பங்காளராகச் சேர்த்துக்கொள்ளும் கருத்திட்டம், ஒரே நீரையும் ஒரே கரையையும் பகிரும் மக்களின் உண்மையான தேவையைக் காட்டுவதால், கொடையாளரிடமும் மதிப்புப் பெறும்.

இதை வாசிக்கும் சங்கச் செயலாளர்களிடமும் தொழில் முயற்சியாளர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுவே: நாளைய அறிவித்தலைத் தேடுவதற்கு முன் இன்றைய கணக்கேட்டை எழுதி முடியுங்கள், ஊரின் தேவை எதுவென்று உங்கள் உறுப்பினரைக் கூட்டித் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி வையுங்கள், அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாத மானியத்தை, அது எவ்வளவு பெரிதாயினும், வேண்டாமென்று விடுங்கள்.